டான்யூப் பயணத்துக்கு ஒரு பழைய மடக்குக் கயாக்கைத் தேற்றிய பதிவு

டான்யூபில் கயாக்கில் போகப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்டது சுழல், வெள்ளம், பெரிய சரக்குக் கப்பல்கள் பற்றித்தான். படகைத் தயார் செய்கிறவருக்கு அவற்றைவிடப் பெரிய கவலை அணைகள். இந்த ஆற்றின் முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ அறுபது அணைகள் இருக்கின்றன. சராசரியாகப் பதினாறு, பதினேழு கிலோமீட்டருக்கு ஒன்று. பெரும்பாலானவற்றில் சரக்கு நிறைந்த படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்து, கான்கிரீட் சரிவிலும் சரளைப் பாதையிலும் உருட்டிச் சென்று, அணைக்குக் கீழே மறுபடி இறக்க வேண்டும். படகின் அடித்தோல் தேய்வது அங்கேதான். ஓடும் தண்ணீர் இந்தப் படகுக்குச் செய்த கேடு மிகக் குறைவு. கரை செய்தது அதிகம். ஆகவே பழுதுபார்த்த வேலையை முதலில் சொல்லிவிட்டு, அந்த வேலை ஆற்றின் எந்தப் பகுதியில் எப்படித் தாங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆற்றைப் பற்றி வேண்டிய அளவுக்குக் கொஞ்சம். ஜெர்மனியின் கருங்காட்டில் பிரிகாக், பிரெக் என்ற இரண்டு சிற்றாறுகள் சேர்ந்து டான்யூப் ஆகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோஷியா, செர்பியா, ருமேனியா, பல்கேரியா, மால்டோவா, உக்ரைன் என்று பத்து நாடுகளைத் தொடுகிறது. உலகில் வேறு எந்த ஆறும் இத்தனை நாடுகளைத் தொடுவதில்லை. இதில் மால்டோவாவின் பங்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான கரை. கரையோரக் கிலோமீட்டர்ப் பலகைகள் கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுகின்றன: கழிமுகத்திலுள்ள சுலினாவில் பூஜ்யம், உல்ம் நகரில் 2,588. கீழ்நோக்கிப் போகிறவருக்கு எண் குறைந்துகொண்டே வரும். மீதித் தூரத்தைக் கணக்கிடத் தாளும் பேனாவும் வேண்டாம்.

உல்மில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேலே இம்மெண்டிங்கன் அருகே ஆற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. கோடையில் பல வாரங்கள் ஆற்றுப்படுகை வறண்டே கிடக்கும். உள்ளே போன அந்த நீர் தெற்கே ஆக் ஊற்றில் வெளிவந்து, கடைசியில் ரைன் ஆற்றோடு சேர்ந்து வட கடலுக்குப் போகிறது. பாய்ரோன் பள்ளத்தாக்கிலும் படகு விடக் கட்டுப்பாடுகள் உண்டு. மேலும், உல்ம் இந்த ஆற்றில் கீழ்நோக்கிய பயணங்கள் பழங்காலந்தொட்டே கிளம்பிய ஊர். 18-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிச் சமவெளியில் குடியேறப் போன ஜெர்மானியக் குடும்பங்கள் தட்டையான மரப்படகுகளில் இங்கிருந்துதான் புறப்பட்டன. இலக்கை அடைந்ததும் படகைப் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து அதைத் திருப்பிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது.

நாங்கள் படகை விற்க விரும்பவில்லை. ஆற்றில் ஒருவழியாகப் போய் ரயிலில் திரும்ப வேண்டுமென்றால் மடக்குப் படகே சரி. மரச்சட்டகத்தைத் துண்டு துண்டாகக் கழற்றலாம், தோலைச் சுருட்டலாம், எல்லாம் சில பைகளுக்குள் அடங்கிவிடும். இந்த வகைப் படகை 1905-இல் ஆல்ஃபிரெட் ஹாய்ரிக் என்ற மாணவர் வடிவமைத்தார்; 1907-இல் ரோசன்ஹைம் நகரத் தையற்கலைஞர் யோஹான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்கர் ஸ்பெக்கைச் சொல்ல வேண்டும். 1932-இல் இதே உல்மில் ஒரு மடக்குக் கயாக்கில் ஏறி டான்யூபில் இறங்கியவர், மத்தியதரைக் கடல், யூப்ரடீஸ், பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, இந்தோனேசியத் தீவுகள் என்று போய் 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள சைபாய் தீவில் கரையேறினார். உலகப்போர் தொடங்கிவிட்டதால் அங்கே சிறைவைக்கப்பட்டார். நம் கரைகளை ஒட்டி அப்படி ஒருவர் துடுப்புப் போட்டுச் சென்றது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரே படகில் அவர் அத்தனை தூரம் போகவில்லை. வழியில் புதுப் படகுகளை வரவழைக்க வேண்டியிருந்தது. தோல் தேயும். அதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நான் வாங்கியது பழைய இருவர் கயாக். நீளம் 5.2 மீட்டர், அகலம் 87 சென்டிமீட்டர். நீளவாட்டச் சட்டங்கள் ஆஷ் மரம், குறுக்கே வரும் வங்குகள் பிர்ச் ஒட்டுப்பலகை. அடித்தோல் ரப்பர் பூசிய துணி. மேல்தளம் பருத்திக் கித்தான். இரண்டு பக்கங்களிலும் நீளமான காற்றுக்குழாய்கள் தோலுக்குள் ஓடுகின்றன. சட்டகத்தைத் தோலுக்குள் பொருத்திய பின் இந்தக் குழாய்களை ஊதினால் தோல் விறைப்பாகும், படகும் எளிதில் கவிழாது. நல்ல வேலைப்பாடு. ஆனால் ஒரு நெல்களஞ்சியத்தின் பரணில் பல ஆண்டுகள் கிடந்ததால் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது, இரண்டு வங்குகளின் அடிப்பகுதியில் ஒட்டுப்பலகை அடுக்குகள் பிரிந்திருந்தன, அடித்தோலில் தேய்மானம் தாங்குவதற்கு முன்பு ஒட்டியிருந்த ரப்பர்ப் பட்டைகள் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன.

மரவேலை பொறுமை கேட்கும் வேலையே தவிரக் கடினமானது அல்ல. முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிய நாடாவைக் கட்டினேன். பித்தளை, அலுமினியப் பூட்டுகளைக் கழற்றவில்லை; ரிவெட்டுகள் உறுதியாக இருந்தன, அவற்றைத் தொட்டால் வேலை பெருகும். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு 120, 180, 220 என்று படிப்படியாக உப்புத்தாள் தேய்த்தேன். கறுத்துப்போன இடங்களில் மரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை என்றால் அது வெறும் கறை. பிரிந்த ஒட்டுப்பலகையை வெதுவெதுப்பான அறையில் நன்றாகக் காயவிட்டு, எபாக்சி என்ற மெல்லிய பிசினை ஊசிக்குழாயால் அடுக்குகளுக்குள் செலுத்தி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்துக் கவ்விகளால் இறுக்கினேன். ஈரம் மிச்சமிருந்தால் எபாக்சி மேலே மட்டும் பிடிக்கும், உள்ளே பிடிக்காது. காயவிடுவதில் அவசரம் கூடவே கூடாது. பிறகு வார்னிஷ். முதல் பூச்சு டர்பென்டைன் கலந்து நீர்த்தது, அது மரத்துக்குள் இறங்க வேண்டும். அடுத்தவை கெட்டியானவை; ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே லேசாகத் தேய்ப்பு. பலகைகளின் வெட்டுமுனைகளுக்குக் கூடுதல் பூச்சு கொடுத்தேன், ஏனென்றால் தண்ணீர் முதலில் ஏறுவது அந்த முனைகள் வழியாகத்தான்.

தோல் வேலைதான் இந்தப் பதிவின் மையம். இங்கே சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தாங்கும்.

எந்தத் தோல் என்று முதலில் தெரிய வேண்டும். மடக்குப் படகுகளின் அடித்தோல் ஹைப்பலான் வகை ரப்பராகவும் இருக்கலாம், பிவிசி-யாகவும் இருக்கலாம். ஒன்றுக்கான பசை மற்றொன்றில் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் அசிட்டோன் தோய்த்த துணியால் தேய்த்துப் பார்த்தால் போதும்: பிவிசி என்றால் மேற்பரப்பு இளகிப் பிசுபிசுக்கும், ஹைப்பலான் அப்படி ஆகாது. என் படகு ஹைப்பலான். அதற்கு இரண்டு பாகங்களைக் கலக்கும் செயற்கை ரப்பர்ப் பசை வேண்டும். கெட்டிப்படுத்தி சேர்த்த பின் ஓரிரு மணி நேரம்தான் அதற்கு உயிர். ஆகவே ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும்.

புதுப் பட்டைகளை ஒட்டுவதற்கு முன் படகை முழுமையாகப் பூட்டி, காற்றுக்குழாய்களையும் ஊதி, கவிழ்த்துத் தாங்கிகளின் மேல் வைத்தேன். தரையில் விரித்துப்போட்ட தோலில் ஒட்டினால், சட்டகம் உள்ளே போனதும் தோல் இழுபட்டுப் பட்டை சட்டத்தின் மேல் சரியாக உட்காராது. ஓரத்தில் ஒரு விரல் விலகி நிற்கும். தேய்மானம் சட்டம் இருக்கும் கோட்டில்தான் வரும், பட்டையும் அதே கோட்டில் இருந்தாக வேண்டும். நடு ஏராவுக்கு (அடியின் நடுவே நீளவாட்டில் ஓடும் சட்டம்) ஒன்று, இருபக்க மூலைச் சட்டங்களுக்கு ஒவ்வொன்று. ஏராப் பட்டை 5 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன். பக்கங்களுக்கு அதைவிட ஒடுக்கம். அமரத்தின் (படகின் பின்முனை) அடியில் ஏராப் பட்டையின் மேலேயே இரண்டாவது அடுக்கு ஒன்றும் ஒட்டினேன். சரிவில் படகை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வால் பகுதிதான் தரையில் இழுபடும்.

ஒட்டும் முறை: பழைய பட்டையை வெப்பக் காற்றால் இளக்கி உரித்தெடுத்தேன். தோலில் மிஞ்சிய பசையைத் தேய்த்து நீக்கி, பளபளப்பு முழுவதும் போகும் வரை உப்புத்தாள் போட்டேன். புதுப் பட்டையின் உட்பக்கத்துக்கும் அதே வேலை. பிறகு டொலுவீன் என்ற கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைப்பு. துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டொலுவீன் ஆவி கெடுதலானது. திறந்த வெளியும், கரைப்பான் ஆவிக்கான வடிகட்டியுள்ள முகமூடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இருபக்கமும் மெல்லிய முதல் பூச்சு, அரை மணி நேரம் காயவிடல். இரண்டாவது பூச்சும் போட்டு, புறங்கையால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்தும் கையில் பசை வராத பதத்தில் பட்டையைத் தோலோடு சேர்க்க வேண்டும். சேர்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்து, என் மனைவி பட்டையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் அணியத்திலிருந்து (முன்முனை) ஒரு சாண் ஒரு சாணாக உருளையால் அழுத்திக்கொண்டு போனேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் காற்று உள்ளே அடைபடாது. முனைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைவாகச் சீவி, தடிமனையும் சரித்துவிட்டேன். சதுர முனைதான் முதலில் தூக்கும். மழை நாளில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. காற்றில் ஈரம் மிகுந்தால் பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து ஒட்டு பலவீனமாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் படகைத் தண்ணீரில் வைத்தோம்.

காற்றுக்குழாய்களை வெளியே எடுத்து ஊதிச் சோப்பு நீர் தடவிப் பார்த்ததில் ஒன்றின் வால்வு அடியில் குமிழி வந்தது, வால்வை மாற்றினேன். மேல்தளக் கித்தானைத் தண்ணீர் விட்டு மென்மையான தூரிகையால் கழுவி, முழுக்க உலர்த்தி, நீர்விலக்கி தடவினேன். சுக்கானின் எஃகுக் கம்பிகள் இழை பிரிந்திருந்தன, அவற்றுக்குப் பதில் நீளாத வகைப் பின்னல் கயிறு போட்டேன். கயிறு அறுந்தால் கரையில் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். கம்பிக்கு நசுக்கும் கருவி வேண்டும்.

அடுத்தது கைவண்டி. படகு சுமார் 35 கிலோ. கூடாரம், சமையல் சாமான், தண்ணீர், துணிமணி எல்லாம் சேர்ந்து இன்னும் அதைவிட அதிகம். கடையில் வாங்கிய சிறிய வண்டியின் பிளாஸ்டிக் தாங்கி சோதனை ஓட்டத்திலேயே விரிசல் விட்டது. ஆகவே சக்கரங்களையும் அச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு, படகின் அடிவளைவுக்குப் பொருந்தும்படி தடித்த ஒட்டுப்பலகையில் இரண்டு தாங்கிகளை அறுத்தேன். மேலே பழைய தீயணைப்புக் குழாயின் துணியைச் சுற்றித் தைத்தேன். மடக்குப் படகுக்கு ஒரு விதி முக்கியம்: வண்டி ஒரு வங்குக்கு நேர் கீழே உட்கார வேண்டும். இரண்டு வங்குகளுக்கு நடுவே உட்கார்ந்தால் பாரம் முழுவதும் வெறும் நீளச் சட்டங்களின் மேல் விழும், சட்டம் முறியும். எந்த வங்கு என்பதைத் தோலின் வெளிப்புறத்தில் வெள்ளைக் கோடாகக் குறித்துவைத்தேன். சக்கரங்கள் காற்றடைத்த அகலமானவை. பஞ்சரே ஆகாத நுரைச் சக்கரங்கள் உண்டு, ஆனால் சரளையில் அவை துள்ளும். அந்த அதிர்வு படகுக்குப் போகும். சைக்கிள் டியூப் ஒட்டும் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் போதும்.

இனி ஆறு.

உல்மிலிருந்து கெல்ஹைம் வரை ஒரு தாளம் உண்டு: அணைக்கட்டின் தேங்கிய நீர், சரிவு, உருட்டல், அணைக்குக் கீழே சற்று நேரம் துள்ளி ஓடும் நீர், மறுபடி தேக்கம். பெரும்பாலான அணைகளில் சிறு படகுகளுக்கென்று சரிவும் பாதையும் வழிகாட்டிப் பலகையும் இருக்கின்றன. அந்த அளவில் இந்த நாட்டைப் பாராட்ட வேண்டும். சில சரிவுகள் பாசி பிடித்து வழுக்கின. பாசியைவிடக் கெட்டது வரிச்சிப்பி. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல்களோடு மேலேறி வந்த இந்தச் சிறு சிப்பிகள் கான்கிரீட்டிலும் கற்களிலும் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. உடைந்த ஓடு சவர அலகுபோல் ரப்பரைச் சீவும். ஏராப் பட்டையில் முதல் கீறல்கள் இங்கேதான் விழுந்தன. படகை இழுக்காமல், கணுக்கால் அளவு நீரில் நின்றபடியே வண்டியை அடியில் தள்ளிப் படகை அதன்மேல் மிதக்கவிட்டுக் கட்டிவிட்டு, பிறகு கரையேற்றும் பழக்கம் இங்கே வந்தது. தோலைக் காத்ததில் பட்டைக்கு அடுத்த இடம் அந்தப் பழக்கத்துக்குத்தான்.

ரெகன்ஸ்பர்க்கின் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தின் தூண்களுக்கு இடையே நீர் சுழித்துப் பாய்கிறது. நாங்கள் அந்த இடத்தைக் கரை வழியே தாண்டினோம். ஸ்ட்ராபிங்கிலிருந்து வில்ஸ்ஹோஃபன் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் அணை இல்லாத நீர், உடம்புக்கு ஓய்வு. பஸ்ஸாவில் இன் ஆறு டான்யூபைவிடச் சற்றுக் கூடுதல் நீரோடு வந்து கலக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் வெளிறிய பச்சை நிறம் நெடுந்தூரம் தனியாக ஓடுவதைப் பார்க்கலாம். இதற்குப் பிறகு கப்பல்கள் பெரியவை. எதிரே வரும் கப்பல் நீலப் பலகையும் மினுக்கும் வெள்ளை விளக்கும் காட்டினால், அது வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் கடக்கப் போகிறது என்று பொருள். கீழ்நோக்கிப் போகிறவருக்குச் சிவப்பு மிதவை கப்பல் வழியின் வலது எல்லை, பச்சை இடது எல்லை. அந்த எல்லைக்கு வெளியே இருந்துவிட்டால் பயமில்லை.

கப்பல்களின் அலைதான் எங்களுக்கு முதல் கிழிசலைத் தந்தது, அதுவும் படகில் யாரும் இல்லாதபோது. ஆஸ்திரியாவில் தேக்கக் கரைகளெல்லாம் பாறைக்கல் அடுக்கு. வாக்காவ் பள்ளத்தாக்கில், மெல்க்குக்குக் கீழே, படகைக் கயிற்றில் கட்டிவிட்டு நீர் நிரப்பப் போயிருந்தோம். ஒரு பெரிய பயணிகள் கப்பல் கடந்தபின் எழுந்த அலை படகைத் தூக்கி ஒரு கூர்க்கல்லின் மேல் போட்டது. பக்கத்தோலில், பட்டை இல்லாத இடத்தில், கைவிரல் நீளத்துக்கு ‘ட’ வடிவக் கிழிசல்.

அதை அன்றே முகாமில் சரி செய்தோம். சரக்கை இறக்கி, சட்டகத்தின் பின்பாதியைக் கழற்றி, கிழிந்த இடத்தைச் சமமான பலகையில் விரித்தேன். ஆல்கஹாலால் துடைத்து வெயிலில் காயவைத்தேன். வளைந்த ஊசியும் மெழுகு தடவிய நைலான் நூலும் கொண்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேரும்படி குறுக்குத் தையல் போட்டேன். தையல் வலுவுக்காக மட்டுமே, நீரைத் தடுப்பது ஒட்டுத்தான். உள்ளே சிறிய ஒட்டு, வெளியே அதைவிட எல்லாப் பக்கமும் மூன்று விரல் பெரிய ஒட்டு, மூலைகள் வட்டமாக. இரண்டின் அளவும் வேறாக இருப்பது அவசியம். ஒரே அளவாக இருந்தால் விளிம்புகள் ஒரே கோட்டில் விழுந்து தோல் அங்கே மடியத் தொடங்கும். இரவு ஈரம் ஏறுமுன் வேலை முடிந்தது. மறுநாள் முழுக்க அங்கேயே தங்கினோம். “பசை காய்வதற்குள் கிளம்பிவிடாதீர்கள், ஆறு எங்கும் போய்விடாது” என்று மனைவி சொல்லிவிட்டுப் பாதாமி வாங்கப் போனாள். வாக்காவின் பாதாமி பெயர்பெற்றது. அந்த ஒட்டு கடல்வரை ஒரு சொட்டு விடவில்லை.

வியன்னாவின் பிராய்டெனாவ் அணையைத் தாண்டினால் பிராட்டிஸ்லாவா வரை ஆறு சுதந்திரமாக ஓடுகிறது. இங்கே ஹைன்புர்க்கில் ஓர் அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1984 டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றங்கரைக் காட்டில் முகாமிட்டு அதை நிறுத்தினார்கள். 1996-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. துடுப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். சரளைத் திட்டுகளும் கிளை ஆறுகளும் மரம் சாய்ந்த கரைகளுமாக, அணை இல்லாத டான்யூப் எப்படி இருந்திருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

பிராட்டிஸ்லாவாவுக்குக் கீழே இதற்கு நேர்மாறு. 1992-இல் சூனோவோவில் ஆற்றை மறித்து, நீரின் பெரும்பகுதியைக் காப்சிகோவோ மின் நிலையத்துக்கான கால்வாயில் திருப்பினார்கள். ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் இதற்காகச் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1997-இல் தீர்ப்பு வந்தது. கால்வாய் அகலமானது, கரைகள் செயற்கையானவை, இறங்கிக் காலை நீட்ட இடம் கிடைக்காது. நாங்கள் சூனோவோவில் உருட்டிப் பழைய ஆற்றுக்கு மாறினோம். அங்கே நீர் குறைவு. சரளையில் படகின் வயிறு உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பல இடங்களில் இறங்கி நடந்தே இழுத்தோம். மூலைப் பட்டைகள் தங்கள் விலையை இங்கே திருப்பித் தந்தன.

காப்சிகோவோவிலிருந்து செர்பிய-ருமேனிய எல்லையிலுள்ள இரும்பு வாயில் மலையிடுக்கு வரை ஏறத்தாழ 870 கிலோமீட்டருக்கு அணை கிடையாது. ஹங்கேரியின் நாஜ்மரோசில் ஒன்று வரவிருந்தது. மக்கள் எதிர்ப்பில் 1989-இல் வேலை நின்றது. எஸ்டெர்கோம், விசெக்ராட் வளைவு, புடாபெஸ்ட் எல்லாம் வண்டியை அவிழ்க்காமலே கடந்தன. இந்த நீளத்தில் படகுக்கு வேலையே இல்லை. காகிதத்துக்கு உண்டு. மொஹாச்சில் ஹங்கேரி அதிகாரிகளிடம் வெளியேறும் முத்திரை வாங்காமல் கீழே போகக் கூடாது. அதற்குப் பிறகு செர்பியா, அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசா விலக்கை 2023 தொடக்கத்தில் செர்பியா நிறுத்திவிட்டது. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) வசிப்பு அனுமதியோ இருப்பவர் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். எதிர்க்கரை குரோஷியா, அது 2023 முதல் ஷெங்கன். ஆகவே செர்பிய முத்திரையோடு போகிறவர் வலது கரையில் கூடாரம் போடலாமா என்பதை வரைபடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். எல்லை ஏறத்தாழ ஆற்றை ஒட்டியே ஓடுகிறது, அது எங்கே என்பதில் இரு நாடுகளுக்கும் தகராறு உண்டு. காகிதங்களை நீர்புகாப் பையில் போட்டு இருக்கைக்கு அடியிலேயே வைத்திருந்தோம்.

பெல்கிரேடுக்குக் கீழே ஆறு பெயரளவில்தான் ஆறு. 1972-இல் முடிந்த முதலாம் இரும்பு வாயில் அணையின் தேக்கம் பெல்கிரேடையும் தாண்டி மேல்நோக்கி நீள்கிறது. அடா காலே என்ற துருக்கியக் குடியிருப்புத் தீவு இதில் முழுகிப்போனது. லெபென்ஸ்கி வீரின் கற்கால வீடுகளை மேலே தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கோலுபாட்ஸ் கோட்டைக்கு முன்னால் நீர்ப்பரப்பு பல கிலோமீட்டர் அகலம். தென்கிழக்கிலிருந்து வரும் கோஷாவா என்ற காற்று ஆற்றை எதிர்த்து மேலேறி வீசும். வந்தால் நாள்கணக்கில் நிற்காது. குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்.

இங்கேதான் மரம் விட்டுக்கொடுத்தது. காற்று சட்டென்று எழுந்தபோது கரையைப் பிடிக்க அலையைக் குறுக்கே வெட்ட வேண்டியிருந்தது. படகு ஒவ்வோர் அலையிலும் நெளிந்தது. நெளிவது மடக்குப் படகின் நற்குணம், ஆனால் வலது நீளச் சட்டம் ஒன்று மரநரம்பு ஓடும் சாய்வில் பிளந்தது. கரையில் எபாக்சி காய நேரமில்லை. இதற்காகவே ஒரு முழ அலுமினியக் குழாயை நீளவாட்டில் இரண்டாக அறுத்துக் கொண்டுவந்திருந்தேன்; அந்த இரண்டு பாதிகளையும் முறிவின் இருபுறமும் வைத்து, ஈரமான சணல் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றினேன். குழாயின் ஓரங்களை முன்பே அரத்தால் மழுக்கி வைத்திருந்தது முக்கியம், கூர் இருந்தால் தோலை உள்ளிருந்தே அறுத்துவிடும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே ரப்பர்த் துண்டு ஒன்று. கசான் இடுக்கில் மலைகள் நெருங்கி ஆறு 150 மீட்டருக்கு ஒடுங்கும் இடத்தை அந்தக் கட்டோடுதான் கடந்தோம். ருமேனியக் கரைப் பாறையில் செதுக்கிய பழைய டேசிய மன்னர் டெசெபாலஸின் முகம், எதிரே செர்பியக் கரையில் அவரை வென்ற ரோமப் பேரரசர் டிராஜனின் கல்வெட்டு. அன்று காற்று இல்லை.

இரண்டாம் இரும்பு வாயில் 863-ஆம் கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் பிறகு கடல்வரை ஓர் அணைகூடக் கிடையாது. வண்டியைக் கழற்றி அமரத்துக்குள் போட்டுவிட்டு, இனித் தோலுக்கு ஓய்வு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கே வேறொரு தேய்மானம் தொடங்குகிறது. வலது கரை பல்கேரியா, இடது கரை ருமேனியா. நடுவே எண்ணற்ற மணல் தீவுகள். முகாம் போடச் சொர்க்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் காலோடு மணல் உள்ளே வருகிறது. அது சட்டத்துக்கும் தோலுக்கும் இடையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு துடுப்புத் தள்ளலுக்கும் உள்ளிருந்து அரைக்கிறது. வெளியே எத்தனை பட்டை ஒட்டினாலும் இதற்குப் பயனில்லை. ரூசேயில் இரும்புப் பாலத்தைத் தாண்டியபின் படகை முழுக்கப் பிரித்து, தோலை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் கழுவினோம். ஏராவின் கோட்டில் துணியின் நெசவு தெரியத் தொடங்கியிருந்தது. அந்த நீளத்துக்குப் பசைப்பூச்சு இரண்டு கொடுத்து, மெல்லிய ரப்பர் நாடாவை உள்ளே ஒட்டினேன். அதற்குப் பிறகு ஏறுமுன் காலை நீரில் அலசுவதும் பஞ்சால் அடித்தளத்தைத் துடைப்பதும் அன்றாடக் கடமை. நடுப்பகலில் கரையேற்றி வைத்தால் காற்றுக்குழாய்களில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டோம். வெயிலில் காற்று விரிந்தால் குழாயின் ஒட்டு பிரியும்.

கலாட்ஸ் துறைமுகத்துக்குக் கீழே இடது கரையில் மால்டோவாவின் சிறு துண்டு, பிறகு உக்ரைன். உக்ரைனின் இஸ்மாயில் துறைமுகம் போரில் தாக்கப்பட்டு வந்ததால் வடக்கே பிரியும் கிலியா கிளையை நினைக்கவே இல்லை. துல்சாவில் கழிமுகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டோம். பூஜ்யக் கிலோமீட்டர் சுலினாக் கிளையில் இருக்கிறது, ஆனால் அது நேராக வெட்டிய கப்பல் வழி. கல்லடுக்குக் கரை, கப்பல் அலை. ஆகவே தெற்கே வளைந்து ஓடும் ஸ்ஃபந்து கியோர்கே கிளையைத் தேர்ந்தோம். நாணல், பெலிகன்கள், மாலையானால் சொல்ல முடியாத கொசு.

கடலோரக் கிராமத்தில் படகைப் பிரித்து உலர்த்தி, பயணிகள் கப்பலில் துல்சாவுக்குத் திரும்பி, ரயில் பிடித்தோம். வீட்டில் தோலை விரித்துப் பார்த்த கணக்கு இது. அமரத்தின் இரட்டைப் பட்டையில் மேலடுக்கு முழுவதும் தேய்ந்து, கீழடுக்கும் பாதி தடிமனுக்கு வந்துவிட்டது. அணியத்தில் கீறல்கள் மட்டும். மூலைப் பட்டைகள் நடுவில் மெலிந்திருக்கின்றன, முனை ஒன்றுகூடத் தூக்கவில்லை. வாக்காவ் ஒட்டு உறுதியாக இருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை. பிளந்த சட்டத்தை ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வில் சீவிப் புது ஆஷ் துண்டை எபாக்சியில் இணைத்துவிட்டேன். இனி உள்பக்கம் மூன்று சட்டக் கோடுகளிலும் நாடா ஒட்ட வேண்டும். வார்னிஷ் காய்ந்ததும் அந்த வேலை. இதே பயணத்துக்குப் படகைத் தயார் செய்கிறவர்கள் வெளிப் பட்டையோடு உள்நாடாவையும் கிளம்புமுன்பே ஒட்டிவிடுங்கள், அமரத்துக்கு மூன்றாவது அடுக்கும் கொடுங்கள்.